கொசுத்தேனீ மீது ஒரு வழக்கு

பயிர் நோய்களைப் பற்றிய தமிழ்ப் புத்தகங்களில் ‘நோய்க் கடத்தி’ என்று ஒரு சொல் வரும். வெள்ளை ஈ ஒரு கடத்தி, அசுவினி ஒரு கடத்தி, தத்துப்பூச்சி ஒரு கடத்தி. அதைப் படிக்கும்போதெல்லாம் ‘கடத்தல்காரன்’ என்ற சொல்தான் எனக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரு பூச்சிக்கு அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால் பிறகு ஜாமீன் கிடையாது. மருந்துத் தெளிப்பானோடு ஆள் வந்துவிடுவார்.

சில ஆண்டுகளாக அந்தப் பட்டியலின் ஓரத்தில், பென்சிலால் எழுதியதுபோல, ஒரு புதுப்பெயர் தெரிகிறது: கொசுத்தேனீ. பயிர் வைரஸ்களைச் செடிக்குச் செடி கொண்டுபோகும் வாய்ப்பு இதற்கும் உண்டா என்பது கேள்வி. கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதே கேள்வி இதற்கு முன்பு வேறு தேனீக்கள் மீது, வேறு நாடுகளில், வேறு நோய்களுக்காகக் கேட்கப்பட்டிருக்கிறது. அந்த வழக்குகள் எப்படி நடந்தன, தீர்ப்பு என்ன ஆனது என்று பார்க்காமல் புதிய வழக்கைத் தொடங்கினால் பழைய தவறுகளையே திரும்பச் செய்வோம். இந்தக் கட்டுரை அந்தப் பழைய கோப்புகளைப் பற்றியது.

முதலில் குற்றம் சாட்டப்பட்டவரை அறிமுகப்படுத்திவிடுகிறேன். மலைத்தேன், கொம்புத்தேன், அடுக்குத்தேன் என்று நம்மூரில் தேனை வகை பிரிக்கும்போது கடைசியாகச் சொல்லப்படுவது கொசுத்தேன். சுவர் ஓட்டையிலும் மரப்பொந்திலும் கூடு கட்டும், சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள கறுப்புத் தேனீ. கொசு என்று நினைத்து விரட்டுபவர்கள்தான் அதிகம். இதன் கொடுக்கு பரிணாமத்தில் தேய்ந்துபோனது, கொட்டாது. தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அவ்வளவுதான். பிரெடரிக் ஸ்மித் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் 1854இல் இலங்கையிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு இதற்கு அறிவியல் பெயர் வைத்தார். இன்றைய பெயர் டெட்ராகொனுலா இரிடிபென்னிஸ். இதன் உறவினர்கள் ஆப்பிரிக்கா, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்கா என்று வெப்பமண்டலம் முழுக்க 500 இனங்களுக்கு மேல் இருக்கிறார்கள்.

இனி முதல் வழக்குக்குப் போவோம்.

பேரிக்காய்த் தோப்பில் ஒரு வலை

ஒரு பூச்சி ஒரு தாவர நோயைப் பரப்புகிறது என்று உலகில் முதன்முதலில் நிரூபிக்கப்பட்டபோது மாட்டிக்கொண்டது அசுவினியோ வெள்ளை ஈயோ அல்ல. தேனீ.

வட அமெரிக்காவின் பேரி, ஆப்பிள் தோப்புகளில் தீக்கருகல் என்று ஒரு நோய். பூவும் கொழுந்தும் தீயில் வாட்டியதுபோல் கறுத்துச் சுருளும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே தோப்புக்காரர்கள் இதைப் பற்றிப் புலம்பி எழுதியிருக்கிறார்கள். மின்னல், கெட்ட காற்று, மண்ணின் குணம் என்று ஆளுக்கொரு காரணம். 1870களின் இறுதியில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் தாமஸ் பர்ரில், இது பாக்டீரியாவால் வருகிறது என்று காட்டத் தொடங்கினார். செடிக்கும் பாக்டீரியாவால் நோய் வரும் என்பதே அப்போது பலருக்கு நம்ப முடியாத விஷயம்.

சரி, பாக்டீரியா என்றே வைத்துக்கொள்வோம். அது மரத்துக்கு மரம் எப்படிப் போகிறது? அமெரிக்க வேளாண்மைத் துறையில் வேலை பார்த்த மெர்ட்டன் வெய்ட் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். அவர் செய்தது எளிமையான காரியம். சில பூங்கொத்துகளைக் கொசுவலையால் மூடினார், மற்றவற்றைத் திறந்தே விட்டார். திறந்த பூக்களுக்கு நோய் வந்தது, மூடிய பூக்கள் தப்பின. நோய்ப்பூவில் தேன் குடித்த தேனீக்களின் வாயுறுப்புகளிலிருந்து அதே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். ஆண்டு 1891. ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைப் பார்த்தது 1897இல்தான். அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே தேனீ கூண்டில் ஏறிவிட்டது.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதற்கு அடுத்து வருவது. அதே வெய்ட், அதே பேரிப் பூக்களில், அதே மாதிரி மூடியும் திறந்தும் செய்த வேறு சோதனைகளில் இன்னொன்றைக் கண்டுபிடித்தார். பல பேரி வகைகள் தங்கள் சொந்த மகரந்தத்தால் சரியாகக் காய் பிடிக்காது. வேறு வகை மரத்தின் மகரந்தம் வந்தாக வேண்டும். அதைக் கொண்டுவருவது யார்? தேனீக்கள்தான். 1890களின் நடுப்பகுதியில் அந்த ஆய்வும் அச்சாகிவிட்டது. குற்றப்பத்திரிகை எழுதிய கையே நற்சான்றிதழும் எழுதியது.

தோப்புக்காரர்கள் இரண்டில் எதைப் படித்தார்கள்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீக்கருகல் கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்து பேரித் தோப்புகளை அழித்தபோது, தேனீப் பெட்டிகளை அப்புறப்படுத்தச் சொல்லித் தோப்புக்காரர்கள் கிளம்பினார்கள். தேனீ வளர்ப்பவர்களோடு பெரிய தகராறு. பிறகு வந்த ஆய்வுகள் மழைத்துளியும் காற்றும் ஈயும் எறும்பும்கூட அந்த பாக்டீரியாவைக் கொண்டுபோகின்றன என்று காட்டின. நோய்க்கிளையை வெட்டிய கத்தியைக் கழுவாமல் அடுத்த மரத்தில் வைத்த மனிதனும் அந்தப் பட்டியலில் இருந்தான். வெய்ட் சொன்ன தீர்வும் தேனீயை விரட்டுவது அல்ல. குளிர்காலத்தில் பாக்டீரியா தங்கியிருக்கும் புண்பட்ட பட்டைகளையும் கிளைகளையும் வெட்டி எறியுங்கள் என்றார். பூக்கும் காலத்தில் தேனீ தொட்டு எடுக்க அங்கே எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு.

இன்னொரு விஷயமும் உண்டு. பேரி மரம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. தேனீயும் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பாக்டீரியா மட்டும் வட அமெரிக்க மண்ணுக்குரியது. எதிர்த்து நிற்கத் தெரியாத மரத்தை நோய் இருக்கும் ஊருக்குக் கொண்டுவந்து, வரிசை வரிசையாக நட்டு, நடுவே தேனீயையும் வைத்தது மனிதர்கள்தான்.

கையே கடத்தி

வைரஸின் கதை இதே காலத்தில் ஐரோப்பாவில் புகையிலை இலையில் தொடங்கியது. 1886இல் நெதர்லாந்தின் வாஹெனிங்கனில் அடால்ஃப் மேயர், இலையில் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுகள் விழும் ஒரு நோயை ‘மொசைக்’ என்று அழைத்தார். நோயுற்ற இலையின் சாற்றை நல்ல செடிக்குள் செலுத்தினால் அதற்கும் நோய் வந்தது. 1892இல் ரஷ்யாவில் திமித்ரி இவனோவ்ஸ்கி, பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியில் அந்தச் சாற்றை வடித்தும் நோய் போகவில்லை என்று கண்டார். 1898இல் மார்ட்டினஸ் பெயரிங்க், இது உயிருள்ள தொற்றுத் திரவம் என்று எழுதினார். வைரஸ் என்ற கருத்து பிறந்தது இப்படித்தான். 1935இல் வெண்டல் ஸ்டான்லி அதை உப்பைப்போலப் படிகமாக்கிக் காட்டினார்.

புகையிலை மொசைக் வைரஸ் ஒரு நுண்ணிய கம்பி. நீளம் 300 நானோமீட்டர், குறுக்களவு 18. ஊசி மாதிரி வாயால் இலையைக் குத்தி உறிஞ்சும் பூச்சி எதுவும் இதற்குத் தேவையில்லை. செடியில் ஒரு சின்னக் கீறல் போதும். இலைமேல் உள்ள மெல்லிய முடி ஒன்று உடைந்தால் போதும். கை, கத்தி, சட்டை, கயிறு, விதையின் மேல்தோல் எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில், மாதக்கணக்கில் காத்திருக்கும். அதனால்தான் தக்காளித் தோட்டத்தில் பீடி, சிகரெட் பிடிக்காதே என்று சொல்வார்கள். நாற்று நடுபவர்கள் கொழுப்பு நீக்கிய பாலில் கையை முக்கி எடுப்பதும் உலகின் பல இடங்களில் நடைமுறை. பாலின் புரதம் வைரஸைக் கட்டிப்போட்டுவிடுகிறது.

ஆக, இந்த வைரஸ் குடும்பத்தின் முதல் கடத்தி மனிதனுடைய கை. தேனீ இந்தக் கோப்புக்குள் வரவே இல்லை. குத்தி உறிஞ்சுகிற பூச்சிகள் பரப்பும் வைரஸ்களுக்குத் தனிக் கோப்பு இருந்தது. தேனீ இலையைக் குத்துவதில்லை. பூவுக்கு வந்து போகிற விருந்தாளி. விருந்தாளியை யார் சந்தேகப்படுவார்கள்?

1940இல் ஜூலியன் லீச் என்ற அமெரிக்கத் தாவர நோயியலாளர், பூச்சிகள் பரப்பும் தாவர நோய்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். ஒரு பூச்சியைக் கடத்தி என்று அழைக்கும் முன் நான்கு விஷயங்களைக் காட்ட வேண்டும் என்று அவர் வரையறுத்தார். ஒன்று, அந்தப் பூச்சிக்கு நோயுற்ற செடியோடு நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும். இரண்டு, அது நல்ல செடிகளுக்கும் வழக்கமாகப் போய்வர வேண்டும். மூன்று, தோட்டத்தில் பிடித்த பூச்சியிடம் நோய்க்கிருமி இருக்க வேண்டும். நான்கு, கட்டுப்பாடான சோதனையில் அந்தப் பூச்சியை நல்ல செடியில் விட்டால் நோய் வர வேண்டும், விடாத செடிக்கு வரக் கூடாது.

இந்த நான்கும் நமக்குப் பின்னால் தேவைப்படும். இப்போதைக்கு மூன்றாவதையும் நான்காவதையும் மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, சுமக்கிறது என்பதற்கான சாட்சி. நான்காவது, பரப்புகிறது என்பதற்கான சாட்சி. இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. இன்றைய மரபணுச் சோதனைகள் மூன்றாவதை ரொம்ப சுலபமாக்கிவிட்டன. பூச்சியை அரைத்துப் போட்டால் அதன் மேல் ஒட்டியிருந்த வைரஸ் எல்லாம் பெயரோடு வந்துவிடும். நான்காவது மட்டும் 1940இல் எவ்வளவு கஷ்டமோ இன்றும் கிட்டத்தட்ட அவ்வளவே கஷ்டம்.

நல்ல வேலைக்காரன் விட்ட தடம்

தேனீ இனம் வைரஸ் கோப்புக்குள் வந்தது தக்காளி வழியாக. தக்காளிப் பூவின் மகரந்தப்பைகள் கூம்புபோல் ஒட்டியிருக்கும், மகரந்தம் உள்ளே பூட்டிக் கிடக்கும். வெளியே காற்று ஆட்டினால் உதிரும். கண்ணாடிக் குடிலுக்குள் காற்று இல்லை. அதனால் ஐரோப்பாவின் பசுமைக்குடில்களில் ஆட்கள் அதிரும் மின்கோலை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பூங்கொத்தாகத் தொட்டுப் போவார்கள். 1985இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் ரோலண்ட் டி யோங், இந்த வேலையைப் பம்பிள் தேனீ பிரமாதமாகச் செய்யும் என்று கவனித்தார். உடம்பு பெருத்த, ரோமம் அடர்ந்த தேனீ அது. பூவைத் தாடையால் கவ்விக்கொண்டு சிறகுத் தசைகளை அதிர வைக்கும். மகரந்தம் கொட்டும். 1987இல் அவர் தொடங்கிய நிறுவனம் இந்தத் தேனீக்களை அட்டைப்பெட்டியில் வைத்து விற்றது. சில ஆண்டுகளில் உலகம் முழுக்கக் குடில் தக்காளிக்கு அதுவே வழி.

தேனீ கவ்விய இடத்தில் பூவின் கூம்பில் பழுப்பு நிறக் காயம் விழும். குடில்காரர்கள் காலையில் பூக்களைப் பார்ப்பதே அந்தத் தடத்துக்காகத்தான். தடம் இருந்தால் தேனீ ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். ஆனால் புகையிலை மொசைக் குடும்பத்து வைரஸுக்கு வேண்டியது என்ன? ஒரு சின்னக் காயம். நல்ல வேலைக்கு அடையாளமான அந்தத் தடம்தான் நோய்க்கு வாசல்.

2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பம்பிள் தேனீக்கள் புகையிலை மொசைக் வைரஸைத் தக்காளியிலிருந்து தக்காளிக்குக் கொண்டுபோகின்றன என்று சோதனையில் காட்டினார்கள். ஆனாலும் பெரிய பதற்றம் வரவில்லை. காரணம், காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து எடுத்துப் பயிர்த் தக்காளிக்குள் கொண்டுவந்த ஓர் எதிர்ப்பு மரபணு இந்த வைரஸ்களைப் பல பத்தாண்டுகளாகத் தடுத்து நின்றது. 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்டானிலும் அந்தக் கோட்டை உடைந்தது. பழத்தில் பழுப்புச் சொரசொரப்பை உண்டாக்கும் ஒரு புது வைரஸ் அந்த மரபணுவைத் தாண்டி வந்துவிட்டது. 2018இல் மெக்சிகோ, அதன் பிறகு ஐரோப்பா என்று பரவியது. விதையோடு நாடு தாண்டியது, கையோடு வரிசை தாண்டியது.

2019இல் இஸ்ரேலின் வோல்கானி மைய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நோய் கண்ட குடிலில் வேலை செய்த பம்பிள் தேனீக் கூட்டை, நோயில்லாத செடிகள் இருக்கும் குடிலுக்கு மாற்றினார்கள். செடிகளுக்கு நோய் வந்தது. லீச்சின் நான்காவது நிபந்தனை நிறைவேறிவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, வெள்ளரிப் பச்சைத்திட்டு மொசைக் வைரஸ் விஷயத்தில் நாமறிந்த பெட்டித் தேனீயின் பங்கும் இஸ்ரேலிலேயே சோதனையில் உறுதியாகியிருந்தது. இந்த வைரஸ் நமக்கும் பழையதுதான். இந்தியாவில் சுரைக்காயில் 1940களிலேயே அடையாளம் காணப்பட்டது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்தில் 2014இல் தர்பூசணித் தோட்டங்களில் தலைகாட்டி, பண்ணைகளையே முடக்கிப்போட்டது.

ஆகவே தேனீ நிரபராதி என்று நான் வாதாட வரவில்லை. சில தேனீக்கள், சில வைரஸ்களை, சில சூழலில் பரப்புகின்றன. அது நிரூபணமான விஷயம். என் கேள்வி, அந்தத் தீர்ப்பை அப்படியே கொசுத்தேனீயின் பெயருக்கு மாற்றி எழுதலாமா என்பது.

வாழைப்பூவும் கவைக்கம்பும்

கொசுத்தேனீயின் உறவினர்கள் மீது ஏற்கெனவே ஒரு வழக்கு நடந்திருக்கிறது. அது வைரஸ் வழக்கு அல்ல, பாக்டீரியா வழக்கு. ஆனால் நோய் நுழையும் வழியைப் பார்க்க இதைவிட நல்ல பாடம் இல்லை.

1911இல் டிரினிடாட் தீவில் ஜேம்ஸ் ரோரர், மோக்கோ என்ற கறிவாழையை வாட வைத்த ஒரு பாக்டீரியா நோயை விவரித்தார். நம்ம மொந்தனுக்கு உறவான வாழை அது. வாழையின் பெயரே நோய்க்கும் பெயராகிவிட்டது. நோய் பரவியது பெரும்பாலும் வெட்டுக்கத்தி வழியாக. ஆனால் 1960ஐ ஒட்டி மத்திய அமெரிக்காவில் கத்தி படாத வாழைகளும் கூட்டம் கூட்டமாக வாடின. ஐவன் புடன்ஹாகனும் எல்சாசரும் 1962இல் காரணத்தை எழுதினார்கள். வாழைப்பூவின் மடல் ஒவ்வொன்றாக உதிரும்போது தண்டில் ஈரமான வடு விழும். நோயுற்ற மரத்தில் அந்த வடு வழியாகப் பாக்டீரியா கசியும். அந்தக் கசிவை நக்க டிரைகோனா என்ற கொடுக்கில்லாத் தேனீக்களும் குளவிகளும் ஈக்களும் வரும். அங்கிருந்து அடுத்த மரத்தின் புது வடுவுக்குப் போகும்.

இங்கே கொடுக்கில்லாத் தேனீயின் குணம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மற்ற தேனீக்கள் பெரும்பாலும் பூவோடு நின்றுவிடும். இவை பிசின் தேடிப் போகும். கூட்டின் சுவர், வாசல் குழாய், தேன் கலயம் எல்லாம் மெழுகும் பிசினும் கலந்து கட்டியவை. பிசின் எங்கே கிடைக்கும்? மரத்தில் காயம் பட்ட இடத்தில். ஆக, இவை செடியின் புண்ணைத் தேடிப்போகும் தேனீக்கள். நோய் நுழையும் வாசலும் அதே புண்தான்.

2001இல் இந்தக் கதை ஆப்பிரிக்காவில் திரும்ப நடந்தது. எத்தியோப்பியாவில் 1960களில் என்செட் என்ற, வாழைக்கு உறவான உணவுப்பயிரில் அடையாளம் காணப்பட்ட வேறொரு பாக்டீரியா வாடல், உகாண்டாவின் முகோனோ மாவட்டத்தில் வாழைக்கு வந்தது. அதிகமாக அடிபட்டது மது வடிக்க வளர்க்கும் கயிஞ்சா என்ற வாழை. அது வேறு யாருமில்லை, நம்ம கற்பூரவல்லியின் வகையறா. உகாண்டா ஆய்வாளர்கள் 2006இல், பழ ஈ, தேனீ ஆகியவற்றோடு கொடுக்கில்லாத் தேனீக்களின் உடலிலிருந்தும் அந்தப் பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டினார்கள்.

பிறகு என்ன செய்தார்கள்? அங்கே வாழை என்பது பழம் மட்டுமல்ல, சாப்பாடு. லட்சக்கணக்கான வீடுகளின் பானை அதை நம்பி இருந்தது. பூச்சிமருந்து தெளித்திருக்கலாம், கூடுகளை எரித்திருக்கலாம். ஆனால் அங்கே பரவிய முறை வேறு. தாரில் கடைசிச் சீப்பு வெளிவந்ததும் வாழைப்பூவை ஒடித்துவிடு. கத்தியால் வெட்டாதே, கத்தியும் நோயைக் கொண்டுபோகும். கவைக்கம்பை மாட்டி முறுக்கி ஒடி. ஒரு கம்பு, இரண்டு வாசல் மூடியது. தேனீ நக்க வடுக்கள் இல்லை, கத்தி தொட வேலை இல்லை. ஒழுங்காகச் செய்த தோட்டங்களில் பூவழித் தொற்று நின்றது. ஒரு தேனீயும் சாக வேண்டியிருக்கவில்லை.

பயிர் நோய் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கருவி எது என்று கேட்டால் அந்தக் கவைக்கம்பைத்தான் சொல்வேன். மெர்ட்டன் வெய்ட் கேட்ட கேள்வியையே அதுவும் கேட்கிறது. யார் கொண்டுபோனார்கள் என்பதோடு நிற்காமல், எங்கிருந்து எடுத்தார்கள், எங்கே வைத்தார்கள் என்று கேட்கிறது.

நான்கு கேள்விகள்

இப்போது லீச்சின் நான்கு நிபந்தனைகளையும் கொசுத்தேனீ முன்னால் வைப்போம்.

நோயுற்ற செடிக்குப் போகுமா? போகும். வெள்ளரி, தர்பூசணி, சுரை, பாகல் என்று கொடிக்காய்ப் பூக்களில் எல்லாம் கொசுத்தேனீயைப் பார்க்கலாம். செடிக்கு நோய் இருக்கிறதா என்று அது பார்க்காது. நல்ல செடிக்கும் போகுமா? போகும், அதற்காகத்தானே வளர்க்கிறோம். வைரஸைச் சுமக்குமா? பூந்தேனிலும் மகரந்தத்திலும் வைரஸ் இருந்தால் அதன் ரோமத்திலும் கூட்டிலும் ஒட்டத்தான் செய்யும். அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

நான்காவது கேள்வியில்தான் நிதானம் தேவை. பம்பிள் தேனீ பூவைக் கவ்வி அதிர வைக்கும், காயம் உண்டாக்கும். நம் கொசுத்தேனீக்கு அந்த அதிர்வு வித்தை தெரியாது. பெட்டித் தேனீ பல கிலோமீட்டர் பறக்கும். கொசுத்தேனீ பெரும்பாலும் கூட்டிலிருந்து சில நூறு மீட்டர் சுற்றளவுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்ளும். வைரஸை ஊர் தாண்டிக் கொண்டுபோக அதனால் முடியாது. மறுபக்கமும் சொல்ல வேண்டும். ஒரே குடிலுக்குள் அடைத்து வைத்தால் அந்தச் சில நூறு மீட்டரே தாராளம். பிசினுக்காகச் செடியின் புண்களைத் தேடும் குணமும் அதற்கு எதிரான சாட்சிதான்.

இந்தக் கேள்வி ஏன் இப்போது எழுகிறது என்றால், கொடுக்கில்லாத் தேனீக்களை நாம் குடிலுக்குள் அழைத்துக்கொண்டிருக்கிறோம். பம்பிள் தேனீ அயலினம் என்பதால் பிரேசில் உள்ளூர் மெலிபோனா தேனீயைத் தக்காளிக் குடிலில் பழக்கிப் பார்த்தது. மெலிபோனாவுக்கு அதிர்வு வித்தை தெரியும். மெக்சிகோவின் யுகடானில், மாயர் காலத்திலிருந்தே கொடுக்கில்லாத் தேனீயைக் குடைந்த மரக்கட்டையில் வளர்க்கும் மண்ணில், நானோட்ரைகோனா என்ற சிறு தேனீயைக் குடில் தக்காளியில் விட்டுப் பார்த்தார்கள். அதே மெக்சிகோவுக்குத்தான் 2018இல் அந்தப் புதுத் தக்காளி வைரஸும் வந்து சேர்ந்தது. காட்டுப்பொந்தில் இருந்த தேனீயை மூடிய கூரைக்குக் கீழே, ஆயிரக்கணக்கில் ஒரே செடி நிற்கும் இடத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இது நோயைப் பரப்புமா என்று கேட்கிறோம்.

மார்த்தாண்டம் பக்கத்தில் தேனீ வளர்க்கும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அந்த ஊரின் தேனீ வளர்ப்புக்கு நூறு ஆண்டு வரலாறு உண்டு. 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய கிராம மறுசீரமைப்பு மையம் குடிசைத் தொழிலாகப் பரப்பிய வேலை அது. அவர் வீட்டுத் திண்ணையில் மண்கலயங்களில் கொசுத்தேனீ இருந்தது.

“அண்ணாச்சி, இந்தத் தேனீ செடிக்கு வைரஸ் கொண்டுபோகுமான்னு ஆராய்ச்சி பண்றாங்க” என்றேன்.

“வைரஸா? அத நாங்க தொண்ணூத்தொண்ணுலயே பாத்தாச்சு தம்பி” என்றார். 1991-92இல் தாய் புழுப்பை நோய் தென்னிந்தியா முழுக்கப் பெட்டியில் வளர்த்த இந்தியத் தேனீக்களை வாரிக்கொண்டு போனதைச் சொல்கிறார். அது தேனீக்கே வரும் வைரஸ். பெட்டி பெட்டியாகக் காலியானது, பலர் தொழிலையே விட்டார்கள்.

இது வேறு வைரஸ், தேனீக்கு ஒன்றும் ஆகாது, செடிக்குத்தான் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் கலயத்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பக்கத்துத் தோட்டத்துல பூ நிக்கும்போது மருந்தடிச்சா மறுநாள் இந்த வாசல்ல செத்துக் கெடக்கும். அதுக்கு ஒரு காரணமும் வேண்டாம், சும்மாவே அடிப்பானுவ. இதுல நீங்க காரணம் வேற எழுதிக் குடுத்தா?”

இந்தக் கட்டுரையின் எடை முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. ‘கடத்தியாக இருக்க வாய்ப்பு’ என்று ஆய்வுக்கட்டுரையில் எழுதுவது ஒரு கருதுகோள். அதே வாக்கியம் வயலுக்கு வரும்போது ‘வாய்ப்பு’ என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிடும். கலிஃபோர்னியாவில் அப்படித்தான் உதிர்ந்தது.

சுமப்பவர்கள் எல்லோரும்

2006இல் வெளியான ஓர் ஆய்வு மனித மலத்தில் என்னென்ன வைரஸ்கள் இருக்கின்றன என்று பார்த்தது. ஆர்.என்.ஏ. வைரஸ்களில் அதிகமாகக் கிடைத்தது மனித வைரஸ் எதுவும் இல்லை. புகையிலை மொசைக் குடும்பத்தைச் சேர்ந்த, மிளகாய்ச் செடிக்கு வரும் ஒரு திட்டு வைரஸ். மிளகாய், குடைமிளகாய், சாஸ் வழியாக நம் குடலுக்குள் போய், உயிர்ப்போடு வெளியே வருகிறது. கொரோனா காலத்தில் சாக்கடை நீரைச் சோதித்தவர்கள், அதில் மனிதக் கழிவு எவ்வளவு கலந்திருக்கிறது என்று அளக்க இந்த மிளகாய் வைரஸைத்தான் அளவுகோலாக வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு நிச்சயமாக நாம் எல்லோரும் அதைச் சுமக்கிறோம். அதற்காக நம் ஒவ்வொருவரையும் மிளகாய் நோய்க் கடத்தி என்று யாரும் பட்டியலில் எழுதுவதில்லை. சுமப்பது வேறு, பரப்புவது வேறு என்ற சலுகையை நமக்கு நாமே கொடுத்துக்கொள்கிறோம்.

தேனீ சுமக்கிறது என்பதை வேறு விதமாகவும் பார்க்கலாம். 2018இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், தேனீக்கள் கூட்டுக்குக் கொண்டுவரும் மகரந்தத்தைச் சோதித்து, அந்த வட்டாரத்துச் செடிகளில் என்னென்ன வைரஸ்கள் இருக்கின்றன என்று கண்டறியும் முறையைப் பற்றி எழுதினார்கள். ஆயிரக்கணக்கான பூக்களைத் தினமும் தொட்டு வரும் ஒருவர் வீட்டு வாசலில் மாதிரியைக் கொண்டுவந்து வைக்கிறார். எந்த வேளாண் அலுவலராலும் அவ்வளவு பூக்களுக்கு நடக்க முடியாது. கொசுத்தேனீயின் குறுகிய பறக்கும் எல்லை இங்கே அதன் பலம். அதன் கூட்டில் ஒரு வைரஸ் தெரிந்தால் நோய்ச்செடியும் பக்கத்திலேயேதான் இருக்க வேண்டும். எதிரியென்று நினைத்தவரைச் சாட்சியாக மாற்றுவது என்று இதைச் சொல்லலாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை இந்த வரலாற்றிலேயே கிடக்கின்றன. விதையைச் சோதித்து வாங்குவது. நோய்ச்செடியைப் பூக்கும் முன்பே பிடுங்குவது. கத்தியையும் கையையும் கழுவுவது. ஒரு குடிலில் நோய் கண்டால் அங்கிருந்த கூட்டை அடுத்த குடிலுக்கு மாற்றாமல் இருப்பது. கலயத்தை வாடகைக்கு விடும் தேனீக்காரருக்கு அந்தக் குடிலின் நிலவரத்தைச் சொல்லிவிடுவது. இவற்றில் ஒன்றுகூடத் தேனீ செய்ய வேண்டிய காரியம் இல்லை.

லீச்சின் நான்காவது கேள்வியைக் கொசுத்தேனீயிடம் கேட்கட்டும், வைரஸ் வைரஸாக, பயிர் பயிராகச் சோதிக்கட்டும். பதில் ‘ஆம்’ என்றே வரட்டும். அப்போதும் செய்ய வேண்டிய அடுத்த காரியம் அந்தச் செடியில் கவைக்கம்பை எங்கே மாட்டுவது என்று தேடுவதுதான். மார்த்தாண்டத்துத் திண்ணையில் இருக்கும் கலயத்தை உடைப்பது அந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் வராது.